முட்டை மிதந்த குடம்

காலை ஆறு மணிக்கு ஊரடங்கு நீங்கியது. ஆறு மணி நாலு நிமிடத்துக்குப் பாக்கியரத்தினம் சாமியின் வாசலில் அறுபது பேர். ஆஸ்பத்திரிக்குக்கூட இந்த ஊர் இவ்வளவு வேகமாகப் போனதில்லை.

ஆளுக்கொரு முட்டை கையில். ஆளுக்கொரு பொருள் பக்கத்தில்: சைக்கிள், வலை, கன்றோடு ஒரு பசு. புஷ்பவதி தையல் மெசினைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

பரம்பரைத் தரித்திரம் வீட்டில் ஏதோ ஒரு பொருளுக்குள் குடியிருக்கிறது என்பது சாமியின் கண்டுபிடிப்பு. பொருளைத் தொட்டுவிட்டு முட்டையை முதல் குடத்தில் விட வேண்டும். தாழ்ந்தால் தரித்திரம் அதற்குள்தான். பொருளை ஒப்படைத்துவிட்டு அதே முட்டையை இரண்டாம் குடத்தில் விட்டால் மிதக்கும். பாரம் இறங்கிவிட்டது! தரித்திரத்துக்கு நல்ல ரசனை. உடைந்த சட்டிக்குள் அது ஒருநாளும் குடியிருந்ததில்லை.

பொருள்களைச் சாமி கடலில் கரைப்பாராம். மீன்பிடிக்கப் போகவே நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டிய காலம். சாமியின் சாமான்களுக்குப் பாஸ் தேவைப்படவில்லை. அவை கண்டி வீதியில் போகும் லொறியில் கரைந்தன. சென்ற கிழமை ஓர் எருமையும் கரைந்தது.

புஷ்பவதியின் முட்டை தாழ்ந்தது.

"மெசினுக்குள்ளதான், பிள்ளை," என்றார் சாமி துக்கமாக.

அவளுக்கு அழுகை வந்தது. புருஷன் இல்லாத வீட்டில் அந்த மெசின்தான் சோறு போட்டது. ஆனாலும் மகள் தன்னைப்போல் ஆகக்கூடாதே! முந்தி, அப்பாவின் தோணிக்குள் இருந்த தரித்திரத்தை எடுத்தவர் இந்தச் சாமியின் தகப்பன். அதைச் சாகும்வரை நன்றியோடு சொன்னார் அப்பா, அடுத்தவன் தோணியில் கூலிக்கு வலை இழுத்தபடி.

மெசினை ஒப்படைக்க அவள் கைவண்டியைத் தள்ளினாள்.

"அடியேய், நில்லு!" கருவாடு போடும் ஜெஸீமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "பெருநாளைக்கு நாலு நாள்தான் கிடக்கு. என்ட மகள்ட சட்டைக்கு ஒரு கை இன்னும் பூட்டல்ல. மெசின எங்க தள்ளுறாய்?"

"விலகு பிள்ளை. தரித்திரம் ஒட்டும்."

"ஒட்டட்டும். எனக்கென்ன புதுசா?" தாழ்ந்து கிடந்த முட்டையை எடுத்து இரண்டாம் குடத்தில் விட்டாள். மிதந்தது.

"மெசின் இன்னும் இவள்ட கையிலதானே, சாமி? தரித்திரம் அவசரத்தில முந்திப் போயிட்டுதா?"

அதே குடத்தில் விரலைத் தோய்த்து நக்கினாள். முகம் கோணியது. "நான் மீனுக்குக் கலக்கிற உப்புத்தண்ணி. உப்புப் போதுமா எண்டு நாங்க முட்டை போட்டுத்தான் பாக்கிற."

"அது கடல் தீர்த்தம்!"

"கடலில முட்டை தாழும். போட்டுப் பாருங்க, கடல் எங்கயும் ஓடல்ல."

வலையோடு நின்ற குலசிங்கத்தார் ஒரு மிடறு குடித்துத் துப்பினார். சந்தேகம் தீரட்டும் என்று இன்னொரு மிடறும் குடித்தார். "ஓம், நாக்குச் செத்துப்போச்சு!" வலை அவர் தோளுக்கு ஏறியது. ஒருவர் சிரித்தார், வாசல் முழுக்கச் சிரித்தது.

சாமி எழுந்தார். "எங்கட அப்பா காலத்துக் குடம் இது! ரெண்டு தலைமுறையா..."

புஷ்பவதி திருப்பிய வண்டியை நிறுத்தினாள்.

"ஓம் சாமி. எங்கட அப்பா உங்கட அப்பாவிட்டத் தோணியோட வந்தவர். நான் உங்களிட்ட மெசினோட வந்தனான். எல்லாருமா யோசிச்சுச் சொல்லுங்கோ, என்ர மகள் உங்கட மகனிட்ட எதைக் கொண்டு வாறது?"