பால்வாடிக்கு ஆயா எதற்கு?

'சேவைப் போற்றி' என்றொரு மனித இனம் நம்மிடையே நடமாடுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கன்வாடிக் கூரை ஒழுகுகிறது என்று டீச்சர் சொன்னால் இவர் கண் கலங்குவார், கழிப்பறைக்குக் கதவில்லை என்றால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார், உதவிக்கு ஓர் ஆயா வேண்டும் என்றாலோ, "உங்களை டீச்சர்னு யாருங்க சொன்னது அம்மணி? தெய்வமுங்க!" என்று கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிடுவார். தெய்வத்துக்கு எதற்கு ஆயா?

பொள்ளாச்சி திருமலைசாமி இந்த இனத்தில் முதல் தரம். ஓய்வுபெற்ற அதிகாரி, இப்போது மழலையர் பராமரிப்பு ஆலோசனைக் குழுவின் உறுப்பினர். கோயம்புத்தூரில் ஏ.சி. அறையில் முந்திரி பக்கோடாவோடு கூடும் அந்தக் குழுவில் காலியாகக் கிடக்கும் ஆயா பணியிடங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கம்மா ஏழு பேரைத் தனியாளா வளத்துப்போட்டாங்க. ஆயாவா வெச்சிருந்தாங்க?" என்பார். அவரை இடுப்பில் சுமந்தே வளர்ந்த மூத்த அக்கா அந்தக் கதையில் வரமாட்டார். கோப்பு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும்.

சென்ற ஆடியில் அவர் ஆனைமலைப் பக்கம் ஓர் அங்கன்வாடியைப் பார்வையிடப் போனார். அங்கே டீச்சர் ஜெபமணி. இரண்டு வருடமாக ஆயா இல்லாததால் கூட்டுவதும் சமைப்பதும் ஊட்டுவதும் கழுவிவிடுவதும் பாட்டுச் சொல்வதும் எடை பார்ப்பதும், அத்தனையையும் செல்போனில் ஏற்றுவதற்காகச் சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்கு ஓடுவதும் அவர் ஒருவரே.

திருமலைசாமிக்குப் போட்டோ வேண்டும். "ஏனுங்க டீச்சர், விளையாட்டு வழிக் கல்வி எங்கீங்க?" என்றவர், சமையலறைக்குள் நுழைந்து ஒரு டப்பா கொண்டைக்கடலையை எடுத்து வந்து பாயில் கொட்டினார். "எண்ணுங்க கண்ணுகளா!"

"சின்னப் புள்ளைங்க, சார். மூக்குல கீக்குல போட்டுக்குமுங்க," என்றார் ஜெபமணி.

"அதுதான் நாம பாத்துக்கிட்டே இருக்கறமே!"

பார்த்துக்கொண்டே பதினோரு படம் எடுத்தார். பன்னிரண்டாவதுக்குள் மூன்று வயது ஷ்ரவ்யா மூக்கைப் பொத்திக்கொண்டு வீறிட்டாள். கடலை உள்ளே போயிருந்தது. பதறிப்போய் அவர் நீட்டிய விரலை ஜெபமணி தட்டிவிட்டார்.

"தொடாதீங்க, இன்னும் உள்ள போயிரும்! உங்க வண்டியைக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயாகோணும்."

"அப்ப நானு?"

"அடுப்பை அணைச்சுப்போட்டேனுங்க. மிச்சம் பத்தொம்பது பேர் இருக்கறாங்க. பாத்துக்கங்க, சார்."

டிரைவர் தமிழ்ச்செல்வன் வண்டியைக் கிளப்பினார். புழுதி அடங்கியது.

"குழந்தைச் செல்வங்களே!" என்று திருமலைசாமி தொடங்கினார். குழந்தைச் செல்வங்கள் கடலையை அள்ளின. இன்னொரு மூக்கு தாங்காது என்று அவர் தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "தாத்தா, ஒண்ணுக்கு," என்றது ஒன்று. ஒன்று கிளம்பினால் ஒன்பது கிளம்பும் என்று எந்த அறிக்கையிலும் எழுதியிருக்கவில்லை. கழிப்பறை வாசலில் நின்றால் அறையில் அடிதடி. அறைக்கு ஓடினால் அங்கே தண்ணீர்ப் பீப்பாய் கவிழ்ந்தது. தலையை எண்ணினார். பதினெட்டு. மறுபடி எண்ணினார். பதினெட்டுதான்.

வாசலில் கேட் திறந்திருந்தது.

பத்தொன்பதாவது பிள்ளை ஆரோன் ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னால் ரோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். தூரத்தில் லாரி ஹாரன். வேட்டியை மடித்துக் கட்டவும் நேரமில்லாமல் ஓடிய திருமலைசாமி, ரோட்டோரத்தில் அவனை வாரி எடுத்தார். உள்ளே பதினெட்டுப் பேர் தனியாக இருக்கிறார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அவனை இடுக்கிக்கொண்டே திரும்பி ஓடிவந்தார். கேட்டைச் சாத்தி அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, "எல்லாரும் இங்க வாங்க, சாமிகளா, தாத்தா கண்ணு முன்னால இருங்க," என்று கெஞ்சினார். அதிகாரியாக இருந்த காலத்தில் அவர் யாரையும் கெஞ்சியதில்லை.

முக்கால் மணி நேரத்தில் கார் திரும்பியது. கடலை பத்திரமாக வெளியே வந்துவிட்டது. ஷ்ரவ்யா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மடியில் இரண்டும் தோளில் ஒன்றுமாக உட்கார்ந்திருந்த திருமலைசாமி கேட்டார்: "டீச்சர், தெனமும் இப்பிடித்தானுங்களா?"

"இல்லீங்க சார்," என்றார் ஜெபமணி. "இன்னைக்கு ஒரு புள்ள கம்மி."

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பக்கோடாவை யாரும் தொடவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: 'மையங்களை ஆய்வு செய்யச் செல்லும் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உதவியாளர் ஒருவர் உடனடியாக நியமிக்கப்பட வேண்டும்.'

ஜெபமணிக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று போயிற்று. அவருக்கு இன்னும் அதைப் பிரிக்க நேரம் கிடைக்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நாளைக் காலையில் உங்கள் பிள்ளையைப் பால்வாடியிலோ, காப்பகத்திலோ இறக்கிவிடும்போது, அழுகிற மூன்றைச் சமாளித்துக்கொண்டே நான்காவதாக உங்களுடையதையும் கை நீட்டி வாங்கும் அந்த அம்மாவிடம், "உங்களுக்கென்னுங்க, நாள் பூரா கொழந்தைகளோட வெளையாட்டு," என்று சொல்ல உங்கள் வாய் துடித்தால், சற்று எச்சரிக்கையாக இருங்கள். திருமலைசாமியின் குழுவில் ஓர் உறுப்பினர் இடம் காலியாக இருக்கிறதாம். அதை மட்டும் அவர்கள் உடனே நிரப்பிவிடுவார்கள்.