நூற்று எண்பத்தேழு குமிழிகள்

2005 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40. காற்று இல்லை. தென்கிழக்கே கடல்மேல் கறுத்த மேகம் மூன்று.

மரக்காணம் உப்பளத்தில் மேகத்தை யாரும் ரசிப்பதில்லை. என் மனைவியின் தம்பி ஏழுமலை வாரிக் குவித்த உப்பு, ஏறக்குறைய அறுபது மூட்டை, பாத்திகளுக்கு நடுவே திறந்த வெளியில் கிடந்தது. மழைக்கு முன் கொட்டகையில் சேர்க்காவிட்டால் அந்த மாத உழைப்பு கரைந்துவிடும். சேர்க்க வேண்டிய லாரியோ ராணுவ ஏலத்தில் எடுத்தது. என்னைவிட எட்டு வயதே இளையது. கைப்பிரேக் எப்போதோ போய்விட்டது. முந்தின நாள் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் ஒழுகி நின்றது. புதுசு வாங்கியாயிற்று. மெக்கானிக் மட்டும் மறுநாள்தான் வருவாராம்.

"நான் மாட்டறேன்" என்றேன். (கருவூலத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தர். அதுவரை நான் கழற்றி மாட்டியது பேனா மூடி.)

மாட்டியது சரியாகத்தான் மாட்டினேன். டிரைவர் காலடியில் இருக்கும் தகட்டைத் தூக்கி, சிலிண்டரை இறுக்கி, பிரேக் ஆயிலை நிறைய ஊற்றி, தகட்டையும் மூடிவிட்டேன். ஏழுமலையின் கால் ஓட்டையில் விழக்கூடாதே என்ற அக்கறை.

அடுத்தது குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றுவது. அவன் பெடலை மிதித்துப் பிடிப்பான். நான் சக்கரத்தடியில் படுத்து நிப்பிள் என்ற சின்னத் திருகைத் தளர்த்துவேன். ஆயிலோடு குமிழி வரும். எண்ணினேன். முதல் சக்கரத்தில் பதினான்கு. இரண்டாவதில் முப்பத்தொன்று. மூன்றாவதில் ஐம்பத்தெட்டு. போகப்போக வேலை சூடு பிடிக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

சாப்பாட்டுக் கேரியரோடு வந்த என் மனைவி சரோஜா குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, அந்த ஆயில் டப்பா இப்பத்தான் தெறந்த மாதிரி நெறைஞ்சே இருக்குது. இன்னும் ஊத்த வேணாமா?"

"பேசாதே! எண்ணிக்கை தப்பிடும்."

நான்காவது சக்கரத்தில் எண்பத்து நான்கு.

"மாமா, பெடல் பஞ்சாட்டம் அமுங்குது" என்றான் ஏழுமலை.

"புது சிலிண்டர் அப்படித்தான் இருக்கும். நூத்தி எண்பத்தேழு குமிழி எடுத்திருக்கேன், இனிமே எங்க இருக்குது காத்து?"

காற்று எங்கே இருந்தது என்பது, மேட்டுக் கரையிலிருந்து லாரி உப்பளச் சரிவில் இறங்கும்போது தெரிந்தது. பத்து மிதிக்கு ஒருமுறை மேலே சிலிண்டரில் ஆயில் ஊற்ற வேண்டும். நான் ஊற்றவில்லை. சிலிண்டர் காலியாகி, ஒவ்வொரு மிதிக்கும் புதுக் காற்றை உறிஞ்ச, அதைத்தான் நான் குமிழி குமிழியாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மாமா, புடிக்கல!"

"மறுபடி மிதி!"

"மிதிச்சுக்கினுதான் இருக்கேன்! எண்ணிச் சொல்லட்டுமா?"

லாரியை நிறுத்தியது உப்புக் குவியல். முகப்பு விளக்குவரை உள்ளே போய், மூன்றில் ஒரு பங்கு உப்பைச் சேற்றில் தள்ளிவிட்டு நின்றது. நாங்கள் இறங்கி அண்ணாந்து பார்த்தோம். மூன்று மேகமும் புதுச்சேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒரு துளிகூட விழவில்லை.

ஏழுமலை என்னைத் திட்டவில்லை. குவியலைச் சுற்றி வந்து, "மழையே தேவல மாமா" என்றான்.

இன்றும் நான் பந்தியில் இலையை எண்ணினாலும், மாத்திரையை எண்ணினாலும், சரோஜா உள்ளேயிருந்து கேட்பாள்: "டப்பாவப் பாத்தீங்களா?"

மெக்கானிக், இழுத்த டிராக்டர், விளக்கு இரண்டு, சேறு கலந்த உப்பு பத்தொன்பது மூட்டை: ஆகமொத்தம் ரூபாய் 5,215. டப்பாவில் மிச்சமிருந்த ஆயிலைக் கழிக்கவில்லை.