பதினான்கு பேருக்கு மூன்றரைக் கிலோ பார்லி

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பியின் பணிவான வணக்கம். தாங்களும் அத்தானும், தங்கள் மாடிப்படியை விட்டு நகராத பூனையும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் சுகமே. வலது தோள், இடது முழங்கால், மானம் ஆகிய மூன்று மட்டும் நீங்கலாக. கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகாத தங்களை இத்தனை நீளக் கடிதம் படிக்க வைப்பது முறையல்ல என்று தெரியும். ஆகையால் எழுத்துகளைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். கோபத்தில் எழுதியதால் பெரிதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்தக் காரணமும் உண்டு.

பொருள்: தாங்கள் வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து அனுப்பிய, "கோடை விருந்துக்கு எளிதான தானிய சாலட், பத்தே நிமிடம்" என்ற துண்டு.

தங்கள் மருமகளை, அதாவது என் மகளை, அந்தப் பையனுக்குக் கேட்டு வந்த விவரம் தாங்கள் அறிந்ததே. பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது, பெண்ணுக்குப் பையனைப் பிடித்தது, பையனின் அப்பாவுக்கு எல்லாரையும் பிடித்தது. பையனின் அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்: "பொண்ணு தங்கம். அப்பாவைப் பாத்துட்டுச் சொல்றேன்." ஏன் என்றால், எடை அளவு ஆய்வாளராக நான் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியதில் எவனோ ஒரு கடைக்காரனின் தராசைப் பிடுங்கிக்கொண்டு போக, அவன் நடுத்தெருவில் உட்கார்ந்து அழ, அதை அந்த அம்மாள் இளம் வயதில் கண்ணால் பார்த்திருக்கிறாராம். "எடைக்கல்லோட பழகிப் பழகி நெஞ்சும் கல்லாயிருக்கும்" என்று சொன்னாராம். தராசில் நூறு கிராம் குறைத்தவனை விட்டுவிட்டு வந்திருந்தால் என்னைப் பூ நெஞ்சன் என்பார்களோ என்னவோ. போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் பக்கம் ஏழு பேர், நம் பக்கம் ஏழு பேர், எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பந்தல் நிழலில் விருந்து என்று முடிவானது. அந்த அம்மாள் வீகன். உன் தம்பி பெண்டாட்டிக்கோ வலது கையில் மாவுக்கட்டு. ஆக, சமையல் என் தலையில். "பயப்படாதே, இதைச் செய், ரொம்ப எளிது" என்று நீ துண்டை அனுப்பினாய். (அக்கா, இதற்கு மேல் தாங்கள் போங்கள் என்றெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. நீ என்றே எழுதுகிறேன்.)

வீகன் என்றால் இறைச்சி, முட்டை, பால், தயிர், வெண்ணெய் எதுவும் கூடாது என்று மகள் சொன்னாள். உன் துண்டில் ஒரு ஸ்பூன் தேன் இருந்தது, அதையும் அடித்தாள். "தேன்ல என்னம்மா இருக்கு, பூவுல இருந்துதானே வருது?" என்றேன். "தேனீக்கிட்டக் கேட்டுட்டாப்பா எடுக்கறாங்க?" என்றாள். எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறேன், ஒரு தேனீயிடமும் வாங்கியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். இந்த விஷயத்தை மேல்மாடிக்காரரிடம் சொன்னதுதான் முதல் தப்பு. அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எந்த வேலையையும் முக்கால் மணி நேரம் தள்ளித்தான் தொடங்குவார், அதனால் எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயர் 'அவசரம்'. காதும் அப்படியே, அரை வார்த்தைதான் உள்ளே போகும். "சம்பந்தியம்மா வீகனாம்" என்றேன். "அடப் பாவமே, வீக்கமா? எந்தக் கால்ல?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பச்சை நிறத்தில் ஒரு தைலம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாழ்நாளில் சீக்கிரமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடுப்படியில் இறங்கினேன். உன் துண்டின் முதல் வரி: "பார்லி, ஒரு கப்." எந்தக் கப்? நம் வீட்டில் பதினொரு கப் இருக்கின்றன. எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி அளந்தேன். நூற்று நாற்பது மில்லி முதல் முந்நூற்றுப் பத்து மில்லி வரை, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. இரண்டாவது வரி: "புதினா, ஒரு கைப்பிடி." யார் கை? என் கையா, மாவுக்கட்டுப் போட்ட கையா? மூன்றாவது வரிதான் என்னைக் கொன்றது: "உப்பு, தேவையான அளவு." நான் உத்தியோகத்தில் இருந்தபோது ஒரு கடைக்காரன் என்னிடம் தேவையான அளவு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கடைக்குப் பூட்டு. உன் தம்பி பெண்டாட்டி சாப்பாட்டு மேசை நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "அந்த நீலக் கப்புல மூணு எடுங்க, போதும், வழியும்" என்றாள். அளவுகோல் இல்லாத பேச்சு என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கு இருநூற்றைம்பது கிராம், பதினான்கு பேருக்கு மூன்றரைக் கிலோ. முத்திரை குத்திய எடைக்கல் வைத்து, தராசு முள் நடுவில் நிற்க, ஒரு மணி கூடாமல் குறையாமல் நிறுத்துக் கொட்டினேன்.

அக்கா, வேகும்போது பார்லி ஒன்றுக்கு மூன்றாகும் என்று எனக்கு யாராவது சொன்னார்களா? உன் துண்டில் அந்த வரி இல்லை. பின்பக்கத்துக் குறுக்கெழுத்துப் போட்டியை நீ தனியாக வெட்டி வைத்துக்கொண்டபோது அது அதோடு போயிருக்கிறது, வெட்டு விளிம்பில் 'மூன்று மட' வரைக்கும் தெரிகிறது. முதலில் பெரிய பாத்திரத்தின் மூடி மெல்ல எழுந்து நின்றது. அதற்கு மரியாதை கொடுத்துப் பாதியை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினேன். அதன் மூடியும் எழுந்தது. பிறகு குக்கர், குழம்புச் சட்டி, நன்றாகக் கழுவிய வாளி, துணி துவைக்க வாங்கி இன்னும் ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத டப், அண்டை வீட்டிலிருந்து இரவல் வாங்கிய இரண்டு சட்டி. நான் ஒரு பக்கம் அள்ளுகிறேன், அது மறுபக்கம் வளர்கிறது. பத்தரைக் கிலோ, அக்கா! நடுவில் உன் தம்பி பெண்டாட்டி இடது கையால் ஒரு நடுத்தரப் பாத்திரத்தை நீட்டி, "இது நிறையப் போட்டு ஓரமா வைங்க" என்றாள். எதற்கு என்று கேட்க நேரமில்லை, போட்டேன். "என்னைச் சிரிக்க வைக்காதீங்க, கை வலிக்குது" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வேலை செய்கிறவனைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன பெருமையோ!

எலுமிச்சைச் சாறு, எண்ணெய், அரைத்த கடுகு எல்லாவற்றையும் சூடாக இருக்கும்போதே கலந்தால்தான் தானியம் உறிஞ்சும் என்று உன் துண்டு சொன்னது. நியாயமான வரி, மதிக்கிறேன். கலந்தேன். "நன்றாக ஆறிய பின் காய்கறி சேர்க்கவும்" என்றது அடுத்த வரி. மணி பதினொன்று. மகள் ரயில் நிலையத்துக்குப் போய் அவர்களை அழைத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவாள். பத்தரைக் கிலோ கொதிக்கும் பார்லி ஒரு மணி நேரத்தில் ஆறுமா? மின்விசிறியை ஐந்தில் வைத்தேன். மேலாக இருந்தது சுவரெல்லாம் ஒட்டியது. ஆகவே காற்றோட்டம் வேண்டும் என்று அவசரத்தையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஓரமாக வைத்தது போக மற்ற எல்லாப் பாத்திரத்தையும் மொட்டை மாடிக்குத் தூக்கினோம். தோள் போனது அங்கேதான். புது விரிப்பு இரண்டைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விரித்து, ஒரு விரல் கனத்துக்குச் சீராகப் பரப்பினோம். "நான் போய் வெள்ளரிக்காய் நறுக்கிட்டு வர்றேன். நீங்க ஒரு பத்து நிமிஷம் இதைப் பாத்துக்குங்க" என்றேன். "நீங்க போங்க, ஒரு ஈ எறும்பு அண்டாது" என்றார். ஈயும் எறும்பும் அண்டவில்லை, உண்மை. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

வெள்ளரிக்காயை ஒரு சென்டிமீட்டர் சதுரமாக நறுக்குவதில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் மனிதர் பந்தல் நிழலில், விருந்துக்கு அடுக்கி வைத்த தட்டு ஸ்பூன்களுக்குப் பக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். விரிப்பைக் காணோம். அதாவது விரிப்பு இருக்கிறது, தெரியவில்லை, அதன்மேல் புறாக்கள். ஊரில் உள்ள அத்தனை புறாவும் உறவினரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தன. ஒரு புறா ஒரு தடவைக்கு முப்பது கிராம் என்று வைத்துக்கொள், முந்நூறு புறாவாவது இருக்கும், கணக்கை நீயே போட்டுப் பார். சுவரோரம் யாரோ விட்டுப்போன குடை ஒன்று கிடந்தது. எடுத்து விரித்து, "போ! போங்க! ஷூ!" என்று பாய்ந்தேன். என் கால் வாளிக்குள் போனது. (முழங்கால்.) வாளி காலோடு வர, ஒரு காலில் வாளியும் கையில் விரித்த குடையுமாக நான் புறாக்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வர, ஒன்றிரண்டு என் தலைமேலேயே உட்கார்ந்துகொண்டன. நிழல் கிடைத்த மகிழ்ச்சி அவற்றுக்கு.

அந்த நேரம் பார்த்து மாடிக் கதவு திறந்தது.

முன்னால் சம்பந்தியம்மா. பின்னால் மற்ற ஆறு பேர். அவர்களுக்கும் பின்னால் என் மகளின் முகம். அதில் ரத்தம் இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை திருட்டு முழியைப் பார்த்திருப்பேன், அன்றைக்கு அந்த முழி என் முகத்தில் இருந்தது. மகள் சின்ன வயதில் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் விழுந்து எழுந்து என்னைத் தேடிப் பார்த்தாளே, அதே மாதிரி பார்த்தாள். என்னால் இந்தக் குழந்தையின் வாழ்க்கை போயிற்றே என்றுதான் நினைத்தேன், அக்கா. வேடிக்கைக்கு எழுதவில்லை.

சம்பந்தியம்மா மார்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "புறாக்களுக்கா விருந்து வெச்சிருக்கீங்க?"

நான் குடையை மடக்கப் பார்த்தேன். அது மடங்கவில்லை.

"வெயில் படக் கூடாதுன்னு குடை வேற புடிக்கிறீங்களே!" என்றார். கண் கலங்கியிருந்தது. புருஷன் பக்கம் திரும்பி, "பாருங்க, இவரைப் போய்க் கல்நெஞ்சுன்னு சொல்லிட்டேனே" என்றார்.

"ஆமாம்மா, அது... வாயில்லா ஜீவன்" என்றேன். முதல் பொய். "தினமுமா?" என்றார். "தினமும்" என்றேன். இரண்டாவது. "எந்தத் தானியம்?" என்றார். "பார்லி" என்றேன். அது ஒன்றுதான் உண்மை.

சரி, வந்தவர்களுக்குச் சாப்பாடு? கீழே ஓடினேன். வாளியோடுதான் ஓடினேன், படியில்தான் கழன்றது. அடுப்படியில் மகள் எனக்கு முன்னால் வந்துவிட்டாள். உன் தம்பி பெண்டாட்டி ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னாளே, அந்தப் பாத்திரம் ஆறிக் குளிர்ந்து இருந்தது. மகள் அதில் வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், புதினா எல்லாம் போட்டாள், எலுமிச்சை பிழிந்தாள், வறுத்த விதைகளைத் தூவினாள். உன் தம்பி பெண்டாட்டி இடது கையால் உப்பை அள்ளிப் போட்டாள். "எத்தனை கிராம்?" என்றேன். "நாக்குக்குத் தெரியும், நீங்க நகருங்க" என்றாள். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது: ஒன்பதரை நிமிடம். பதினான்கு பேரும் சாப்பிட்டு, கொஞ்சம் மீதியும் இருந்தது. சம்பந்தியம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

நடுவில் அவசரம் விழித்துக்கொண்டு, நேராகச் சம்பந்தியம்மாவிடம் வந்து அவர் காலையே உற்றுப் பார்த்து, "வீக்கம் இப்ப எப்படிம்மா இருக்கு? தைலம் போட்டீங்களா?" என்றார். அந்த அம்மாள் திகைத்துப் போனார். அவர் புருஷன் மட்டும் சாலட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தலையில கொஞ்சம் இருந்துச்சுங்க, இன்னிக்கு வத்திடுச்சு" என்றார். அந்த மனிதரோடு எனக்குக் காலம் முழுக்க ஒத்துப்போகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆக, கல்யாணம் நிச்சயம். அடுத்த மாதக் கடைசியில். ஆனால் என் நிலைமையைக் கேள். தினமும் என்று சொல்லித் தொலைத்தேன் அல்லவா? சம்பந்தியம்மா ஒவ்வொரு நாளும் காலை பதினொரு மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறார்: "சம்பந்தி, பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?" நான் மாடியில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன். புறாக்கள் பத்தே முக்காலுக்கே வந்து அடுப்படி ஜன்னலைக் கொத்துகின்றன. மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு என் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இருந்தும் வாய் திறக்க முடியுமா? நீ கல்யாணத்துக்கு வரும்போது உன் வாயிலிருந்து பார்லி என்ற சொல்லே வரக்கூடாது. அத்தானிடமும் சொல்லாதே, அவரிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. இந்த ரகசியம் என்னோடும் உன்னோடும் மண்ணுக்குள் போக வேண்டும். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. எளிது என்ற சொல்லையும் இனி யாருக்கும் எழுதி அனுப்பாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

கண்ணில் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். அத்தானுக்கு என் வணக்கம், பூனைக்கு அன்பு. உன் ஆசி என் மகளுக்கு எப்போதும் நிறை எடையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அடங்காத கோபமும் அதைவிடப் பெரிய பாசமும் உள்ள
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். சம்பந்தியம்மா இப்போதுதான் கூப்பிட்டார். நீ கிழிக்க வேண்டாம், அத்தானிடமும் தாராளமாகச் சொல்லிக்கொள். பேச்சோடு பேச்சாக அந்த அம்மாள், "சம்பந்தி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு மாடியில பதினாலு தட்டும் பதினாலு ஸ்பூனும் எந்தப் புறாவுக்கு அடுக்கி வெச்சிருந்தீங்க?" என்றார். அப்புறம் மூன்று நிமிடம் இரண்டு பக்கமும் பேச்சே இல்லை, அக்கா. அவர் சிரித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆனது.