மாமன்மார் படமும் புது சிஸ்டமும்

திண்டிவனம்,
6.6.2010

மரியாதைக்குரிய சித்தப்பா சக்கரபாணி அவர்களுக்கு ஷாலினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, சினைமாடு மூவரும் சௌக்கியம். அங்கே காணையில் சித்தியும் சங்கவியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

சங்கவியின் கம்ப்யூட்டருக்குப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டால் வேகம் கூடுமா, குறையுமா என்று போனில் கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். காரணம், நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு, "நம்ம வகையறாவுலயே கம்ப்யூட்டர் படிச்சது இதான், இன்னா சொல்லுதுன்னு கேளுங்க" என்று டீக்கடைக்கே அறிவித்தீர்கள். அத்தனை பேர் மூச்சு விடுகிற சத்தத்துக்கு நடுவில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் கடிதம். பதில் இதுதான்: போடாதீர்கள். நான் போட்டேன்.

பேனர், பத்திரிகை வடிவமைக்கும் சவுரிராயன் அண்ணனின் டி.டி.பி. கடையில் நான் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பட்டதாரி சும்மா இருந்திருக்கலாம். "புதுசு போட்டா வேகமா இருக்கும்ண்ணா" என்றேன். நானாக வாயைத் திறந்து ஒரு முதலாளியிடம் சொன்ன முதல் வாக்கியம் அது, அதுவே தப்பு. "நல்லாத்தானம்மா ஓடிக்கினு இருக்குது" என்றார். கேட்டேனா? வெள்ளிக்கிழமை சி.டி.யைப் போட்டேன். திரையெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழகாத்தான் கீது. ஆனா இன்னா பண்ணிக்கினு கீது?" என்றார். அது எனக்கும் தெரியவில்லை. அம்புக்குறி இருந்த இடத்தில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கிளியம்மாள் என்ற அக்கா வந்தார். மறுநாள் அவர் மகளுக்குக் காதணி விழா. பேனரை நாங்கள் வடிவமைத்து, சி.டி.யில் பதிந்து, சாயங்கால பஸ்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்பினால்தான் இரவே அச்சாகும். காதணி விழா பேனர் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? குழந்தை படம் சின்னதாகிப் போனால்கூட மன்னித்துவிடுவார்கள், தாய்மாமன் படம் ஒரு விரல் கீழே இறங்கினால் மன்னிக்க மாட்டார்கள். இந்த அக்காவுக்கோ இரண்டு அண்ணன்கள், மாரியப்பன், ராஜாமணி. கூட்டாக வாங்கிய படகு விஷயமாகச் சண்டை வந்து வருஷக்கணக்காகப் பேச்சில்லை. மற்றவர் படம் மேலே போய்விடாமல் காவல் காக்க இருவருமே நேரில் வந்து, என் முதுகுக்குப் பின்னால் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். சவுரிராயன் அண்ணன் என் காதருகே, "சாயங்காலம் இது பஸ் ஏறலன்னா திங்கக்கெழமைலேருந்து நீ வராதம்மா" என்றார். வேலை போனால் அம்மா உடனே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவாள். என் ஜாதகம் உங்கள் பீரோவில்தானே தயாராகக் காத்திருக்கிறது.

பெரியவர் மாரியப்பன் படத்தைத் திறந்தேன். முதலில் தலைமுடி வந்தது. நெடுநேரம் கழித்து நெற்றி வந்தது. "மண்டையப் பாத்தா பெரியண்ணன் மாதிரி கீது" என்றார் கிளியம்மாள். புருவம், மூக்கு, அவ்வளவுதான், நின்றுவிட்டது. "ஏம்மா, எங்கண்ணன் வாயி எங்க?" என்றார். "வருதுங்க அக்கா" என்றேன். பெஞ்சின் மறுமுனையிலிருந்து ராஜாமணி, யாரையும் பார்க்காமல், "வாயி இல்லாமலே இருக்கட்டும். இப்பத்தான் பாக்க லட்சணமா கீறாரு" என்றார். அடிதடிதான் என்று நான் கீபோர்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மாரியப்பன் சிரித்துவிட்டார்.

அடுத்துத் தம்பி ராஜாமணியின் படம் ஒற்றைக் கண்ணோடு நின்றது. "அது போதும் வுடு. ஒரு கண்ணுலயே அடுத்தவன் வலையில இன்னா மீனுன்னு பாத்துருவான்" என்றார் மாரியப்பன். மத்தியானம் கரண்ட் போய், செய்ததெல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது இருவரும் ஒரே தாளில் பஜ்ஜி வைத்துத் தின்றபடி ஒற்றுமையாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "பேஜாரு புடிச்ச பொட்டிடா இது!" "நம்ம படகு எஞ்சினே ஜல்தியா கெளம்பும்ண்ணே!" நாலு மணிக்கு மாரியப்பன் எழுந்து வந்தார். "தோ பாரும்மா, ரெண்டு பேரையும் ஒரே மட்டத்துல போடு. கொயந்த நடுவுல இருக்கட்டும். நாங்க ஊடு போய்ச் சேரணும்." பேனர் பஸ் ஏறியது. வேலை தப்பியது. நான் திட்டமிட்டுச் சமாதானம் செய்துவைத்ததாக சவுரிராயன் அண்ணன் நம்புகிறார். மறுத்துப் பேச எனக்குக் கூச்சம்.

ஆகவே சித்தப்பா, புது சிஸ்டம் கம்ப்யூட்டரை மெதுவாக்கும். இது ஒரு பட்டதாரியின் முடிவான கருத்து. டீக்கடையில் நீங்கள் தாராளமாகப் படித்துக் காட்டலாம்.

சித்திக்கு என் வணக்கத்தையும் சங்கவிக்கு அன்பையும் சொல்லுங்கள். மல்லாட்டைக் கடலை பிடுங்கும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள், ஜாதகத்தை எடுக்கும்போது மறந்துவிடுங்கள்.

தங்கள் ஆசியை வேண்டும்,
ஷாலினி, பி.எஸ்ஸி.

பி.கு.: ஸ்டாம்ப் கேட்கக் கூச்சப்பட்டதில் கடிதம் சில நாளாகப் பையிலேயே கிடந்தது. அதற்குள் சி.டி. உறையை ஒருவழியாக முழுக்கப் படித்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு மெமரி வேண்டுமாம். ஷேர் ஆட்டோவில் கல்யாணக் கூட்டத்தையே ஏற்றிவிட்டு வண்டியைத் திட்டியிருக்கிறேன். கூடுதல் மெமரி வாங்கிப் பொருத்தினேன். பழைய சிஸ்டத்தைவிட வேகமாகப் பறக்கிறது. எனவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம், மெமரியைக் கூட்டிவிட்டுப் புதுசையே போடுங்கள். இன்று பேச்சுவார்த்தை இல்லாத வேறு இரண்டு மாமன்கள் வந்தார்கள். படங்கள் கண்மூடித் திறப்பதற்குள் முழுசாக வந்துவிட்டன. சிரிக்க நேரமில்லை, பஜ்ஜிக்கும் நேரமில்லை. திரையில் பேனரைப் பார்த்த வேகத்தில் கைகலந்து, கடையின் கண்ணாடி அலமாரி போய்விட்டது. சவுரிராயன் அண்ணன் உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே, "ஏம்மா, மாமனுங்க வர்ற அன்னிக்கு மட்டும் அந்த மெமரியக் கழட்டி வச்சிட முடியுமா?" என்கிறார். முடியும் என்று சொல்லிவிட்டேன்.