வேணாம் புரோக்கர் காட்டிய வீடு

வீடு காட்டப் போய், அந்த வீட்டை வேண்டாம் என்று தானே சொல்லிவிடும் புரோக்கர் சென்னையிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். மயிலாப்பூரில் அவருக்கு ‘வேணாம் புரோக்கர்’ என்றே பெயர்.

உள்ளே நுழைந்ததும் ஈரம் பார்க்கச் சுவரில் உள்ளங்கையை வைப்பார். “ஓதம் சார். வேணாம்.” வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்பார். அடுத்த வீட்டின் சமையலறையில் என் மனைவி கோமதியைக் காட்டி, “தங்கச்சி நின்னா குக்கருக்கு எடமில்ல. வேணாம்.” மந்தைவெளியில் ஒரு வீட்டுக்காரம்மா எங்களைக் கேட் வரைக்கும் துரத்திக்கொண்டே வந்தார்.

எங்களுக்கோ அவசரம். குடியிருந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள். கோமதிக்கு ஏழாம் மாதம். ராயப்பேட்டையில் பார்த்த வீடும் வேணாம் ஆனபோது, “குழந்தைய எங்க கொண்டு வந்து படுக்க வைப்பேன்?” என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். புரோக்கருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அழாத தங்கச்சி. ஒரு நல்ல வூடு கீது. வா, காட்றேன்.”

ஆட்டோ ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய பங்களா முன்னால் நின்றது. முன்பு ஒரு பெரிய வக்கீல் வாழ்ந்த வீடு. இப்போது ஓவிய மியூசியம்.

“அண்ணே, இது மியூசியம்!” என்றேன்.

“இருந்தா இன்னா சார்? வூடு வூடுதானே. உள்ள வா.”

படங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சுற்றிக் காட்டினார். “இது ஹாலு. ஜன்னலாண்ட நின்னு பாரு தங்கச்சி, காத்து வருதா?”

“சார், செவுத்தத் தொடாதீங்க!” என்று காவலாளி ஓடி வந்தார்.

“தொட்டாதான் நைனா ஓதம் கீதா இல்லியான்னு தெரியும்.”

புரோக்கரைக் கைடு என்று நினைத்து ஒரு வெளியூர்த் தம்பதி எங்கள் பின்னாலேயே வந்தார்கள். முழுக்கச் சிவப்பு பூசிய ஒரு பெரிய படத்துக்கு முன்னால் அவர் “இது பெட்ரூம்” என்றதும், இருவரும் படத்தை உற்றுப் பார்த்துத் தலையாட்டினார்கள். கோமதி என் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மாடியில் ஒரு சின்னப் படம். குறுகலான அறை, ஒரு பெண், அவள் மடியில் தூங்கும் குழந்தை. கோமதி அதன் முன்னால் நின்றுவிட்டாள். புரோக்கர் அப்போதுதான் முதல்முறையாக ஒரு படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“சின்ன ரூம்புதான். ஆனா கொழந்த இன்னா நிம்மதியா தூங்குது பாரு,” என்றார். பிறகு, “கெடைக்கும் தங்கச்சி. நா பாத்துத் தரேன்.”

அடுத்த வாரம் அடையாறில் ஒரு வீடு காட்டினார். அறை அந்தப் படத்தில் இருந்ததைவிடப் பெரிதில்லை. சுவரைத் தொட்டார், குழாயைத் திறந்தார், சமையலறையில் நின்று திரும்பிப் பார்த்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விட்டத்துக் கொக்கியை அண்ணாந்து பார்த்து, “தூளி இங்க கட்டலாம்,” என்றார்.

அங்கேதான் கட்டினோம்.

மகள் பிறந்த பிறகு ஒருநாள் வந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கதவை லேசாகத் திறந்து வைத்துவிட்டு, சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தெருமுனை திரும்பும்வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.