மாஷுக்கு நான் வளர்த்த தாடி

மலையாளம் தெரியாதவனால் கொச்சியில் யாருக்கும் ஆபத்தில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவனால்தான் எல்லா வம்பும். நான் இரண்டாவது ரகம்.

தென்காசியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, இரண்டு வருடம் பேனர் கடையில் படம் வரைந்தேன். ஒருநாள் சிலை செய்யப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்து நின்றேன். என் மனைவி செல்வி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள். “ஒரே ஒரு சிலை. அது சரியா வரலன்னா திரும்ப பேனர் கடை.”

அந்த ஒன்றும் கிடைத்தது. கொச்சங்காடியில் ஒரு வாசகசாலைக்கு, காலமான கணக்கு மாஷின் மார்பளவுச் சிலை. (மாஷ் என்றால் வாத்தியார். இது எனக்குச் சரியாகவே தெரியும்.) அவர் மனைவி கொடுத்த புகைப்படத்தில் மழித்த முகம், குனிந்த தலை.

“போட்டோயில் தாடி சரிக்கு காணில்லா. மாஷுக்கு நல்ல தாடி உண்டாயிருந்நு. அது மறக்கருது, கேட்டோ” என்றார் சேச்சி.

மறப்பேனா? தாடிக்கு மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். மயிரிழை மயிரிழையாகச் செதுக்கி நெஞ்சு வரை இறக்கினேன். செல்வி படத்தையும் களிமண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“படத்துல மழமழன்னு இருக்காரே. எதுக்கும் அந்தம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.”

“எனக்கு நீ மலையாளம் சொல்லித் தர்றியா?”

ஃபைபரில் வார்த்து, வெண்கலப் பூச்சுப் பூசி, திறப்பு விழாவும் வந்தது. துணியை விலக்கினார்கள். தட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. சேச்சி சிலையைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார்.

“இது ஆரா மோனே? வல்ல சாமியாருமாணோ?”

“சேச்சிதானே தாடி வேணும்னு சொன்னீங்க...”

அவர் தன் முகவாயைத் தொட்டுக் காட்டினார். “மோனே, இதாணு தாடி.”

மலையாளத்தில் முகவாய்க்கும் தாடி என்றுதான் பெயராம். பூமி பிளக்கவில்லை, பிளந்திருந்தால் குதித்திருப்பேன். ஆனால் பேனர் கடைக்கு மட்டும் போக மாட்டேன் என்று ஒரு வீம்பு வந்தது. “ஆரும் போகண்டா. சாயா குடிச்சிட்டு இருங்க. சாயங்காலத்துக்குள்ள மாஷுக்கு ஷேவ் பண்ணிடறேன்” என்றேன்.

ரம்பத்தை வைத்து அறுத்தேன். ஃபைபர் சிலை உள்ளே வெறும் கூடு என்பதைச் செய்தவனே மறந்துபோயிருந்தேன். தாடி தரையில் விழுந்தது. மாஷின் முகத்தில் தேங்காய் அளவுக்கு ஓட்டை. பின்னால் யாரோ “ஈஸ்வரா” என்றார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டையை அடைத்தேன், பட்டி போட்டேன், தேய்த்தேன். சேச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். “கொறச்சு கூடி... நடுவில் ஒரு குழி.” (கொறச்சு கூடி என்றால் இன்னும் கொஞ்சம். இந்தமுறை கேட்டுக்கொண்டேன்.) ஒவ்வொன்றையும் என் முகத்தில் தொட்டுக் கேட்டுக்கேட்டுச் செய்தேன். நாலு மணிக்கு அவர் முந்தானையால் தூசியைத் துடைத்து, அந்த முகவாயைக் கையில் ஏந்தினார். “இப்போள் என்டெ மாஷாயி” என்றபோது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

பேனர் கடைக்கு நான் போகவில்லை. அதன்பிறகு எத்தனையோ முகங்கள் செய்துவிட்டேன். ஆனால் இன்றைக்கும் நான் சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றால் போதும், அடுக்களையிலிருந்து மகள் குரல் கொடுப்பாள்.

“மெதுவா வழிங்கப்பா. உள்ள ஒண்ணும் கிடையாது.”