டிரைவர் நன்றாகத் தூங்குகிறார்

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணனுக்கு, தங்கை வணங்கி எழுதுவது. இங்கே நான், இவர், இவருடைய ஸ்டீயரிங் மூவரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும் அண்ணியின் முழங்கால் நலத்தையும் ஆண்டவனிடம் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாரும் 'நான் அங்கே இல்லையே' என்று நழுவக் கூடாது. நீங்கள், அண்ணி, நம் சித்தி, பல் டாக்டராக இருக்கும் உங்கள் மருமகன், குழாய் ஒழுகுகிறதென்று வரவழைக்கப்பட்டு ஒழுகலை விட்டுவிட்டுப் பேச்சில் சேர்ந்துகொண்ட பிளம்பர், நான், அப்புறம் இவர். இவர் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியாது, ஆனாலும் தலைக்கணக்கில் உண்டு. இத்தனை பேர் முன்னிலையில் நான் கைப்பையிலிருந்து மெக்னீசிய மாத்திரை டப்பாவை எடுத்து வைத்து, 'இது நரம்பைத் தளர்த்தித் தூக்கம் தருமாமே அண்ணா' என்று கேட்டேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இது சாக்பீஸும்மா. கரும்பலகையில எழுதலாம். தூக்கமெல்லாம் வராது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தீர்கள். பல் டாக்டர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். மருந்துக்கடை வைத்திருப்பவரே சொன்ன பிறகு பிளம்பர் மட்டும் சிரிக்காமல் இருப்பாரா? ஆகவே இந்தக் கடிதத்தை அதே மேசையில், அதே ஆட்களை உட்காரவைத்து, உரக்கப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிளம்பரையும் கூப்பிடுங்கள். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும், வந்துவிடுவார்.

உங்கள் மாப்பிள்ளைக்கு, அதாவது இவருக்கு, தூக்கம் போனது உங்களுக்குச் செய்தி, எனக்கு வாழ்க்கை. இந்த வீட்டில் பால் கணக்கு, சோப்புக் கணக்கு, அரிசிக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு என்றால் அவர் தூக்கக் கணக்கும் என் பொறுப்புதான். புரண்டாலும் எனக்குத் தெரியும், பெருமூச்சு விட்டாலும் தெரியும். தூங்காத மனிதர் வீட்டுக்குள் கொட்டாவி விட்டால் வீட்டோடு போயிற்று. பஸ் ஓட்டுகிறவர் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேலே பெரிய கண்ணாடி இருக்கிறது, அதில் இவர் வாய் தெரிகிறது, முன் சீட்டு பார்க்கிறது, அதுவும் வாயைத் திறக்கிறது, அதைப் பார்த்து அடுத்த சீட்டு. இவருடைய கண்டக்டரை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பிள்ளை ஒருநாள், "அண்ணே, நீங்க முன்னாடி வாயத் தொறந்தா கடைசி சீட்டு வரைக்கும் தொறக்குது. எங்க எறங்கணும்னு கேட்டா பதில் சொல்ல ஒருத்தருக்கும் வாய் காலியா இல்ல" என்றதாம். ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா தூங்கிப்போய் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட, டிப்போவுக்கே போய்ப் புகார் கொடுத்துவிட்டார். மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, டிப்போ டாக்டர் பரிசோதனையில் தேறினால் வண்டி, தேறாவிட்டால் டயர் கிடங்கு என்று சொல்லிவிட்டார். நிழலில் உட்கார்ந்து டயர் எண்ணலாம், நிம்மதிதானே என்று ஆறுதல் வேறு. அண்ணா, அன்று இவர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றும் சாப்பிடவில்லை. தட்டை லேசாக இடப்பக்கம் திருப்பினார், நேராக்கினார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்போது எடுத்த முடிவு, அண்ணன் சிரித்தாலும் சரி, ஊரே சிரித்தாலும் சரி, இந்த மனிதரைத் தூங்கவைத்தே தீருவது என்று.

எட்டாவதோடு நின்ற படிப்புதான் என்றாலும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு டப்பாவின் எறும்பெழுத்து முழுவதையும் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன். வண்டி ஓட்டுகிற உடம்பு, எதையும் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது என்பதால் முதல் மாத்திரையை ஆண்டவன் படத்தின் முன் வைத்து, கும்பிட்டு, நான் விழுங்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே அவருக்கும் கொடுத்தேன். மெக்னீசியத்தில் பல ஜாதி உண்டு, அதில் ஒரு ஜாதி நரம்பைத் தொடுவதற்கு முன்னால் வயிற்றை ஒரு கை பார்த்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று நீங்கள் சிரிப்பதில் மும்முரமாக இருந்தீர்கள். விளைவு, மறுநாள் பாதி வழியில் ஒரு சோபாக்கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, இவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கடைக்குள் ஓடியிருக்கிறார். பெண்கள் இருக்கிற வண்டியில் காரணத்தைச் சொல்ல விசிலுக்கு வாய் வரவில்லை. வண்டி பழுது என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். பிரேக் போட்ட பஸ் எங்கே நகரும்? நகரவில்லை என்றதும் எதிர்ச் சலூனிலிருந்து பாதி முகம் சவரம் ஆனவர் ஒருவரும் வந்து தோள் கொடுத்திருக்கிறார். இவர் திரும்பி வந்து ஏறி, பிரேக்கை விட்டு, வண்டியைக் கிளப்பியதும் எல்லோரும் கைதட்டினார்களாம். அரைச் சவரக்காரர் இன்றுவரை தான் தள்ளித்தான் பஸ் ஓடியது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது வலேரியன் வேர். மூலிகைக் கடை அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்தார். மூக்கையும் மூடிக்கொண்டு சிபாரிசு செய்திருக்க வேண்டும். மழையில் நனைந்த காலுறையை மூட்டை கட்டி வைத்த வாசம். படுக்கையறை அலமாரியில் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனேன், திரும்பி வருவதற்குள் மேல்வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக வந்து பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உருள்கிறது. அதற்குப் பின்னால் அதன் உறவு, ஒன்றுவிட்ட உறவு, யாரென்றே தெரியாத ஒற்றைக்கண் பூனை ஒன்று. இந்த வேருக்குப் பூனை மயங்கும் என்று அந்தப் பொட்டலத்தில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? மேல்வீட்டில் கோர்ட்டு டைப்பிஸ்ட் அம்மா இருக்கிறார், பூனையைத் தேடி வந்தவர் அது இவர் தலையணையில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "எம் பூனைக்கு என்ன குடுத்தீங்க?" என்றார். "உங்க பூனைக்கு ஒண்ணும் குடுக்கல, அதுவா எடுத்துக்கிச்சு. எங்க வீட்டுக்காரருக்கு வாங்கினது" என்றேன். பூனையையும் தலையணையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவர், "அவருக்குக் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கொடுக்கவில்லை. மிச்சம் வைத்தால்தானே.

மூன்றாவதுதான், அண்ணா, வெற்றி. வயிற்றை வம்புக்கு இழுக்காத சாதுவான மெக்னீசியம், கிளைசினேட் என்று பெயர், கூடவே அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா மாத்திரை. வழக்கம்போலக் கும்பிட்டு, முதலில் நான் ஒன்று, பிறகு இவருக்கு ஒன்று. சாதுவான சாமானையும் சோதிக்காமல் விடக் கூடாது என்று தினமும் அப்படியே. என்ன சொல்வேன், அன்று தொடங்கி இவர் புரண்டதை நான் பார்க்கவில்லை, பெருமூச்சைக் கேட்கவில்லை, எழுந்து தண்ணீர் குடித்தார் என்று என் கணக்கில் ஒரு வரி கிடையாது. காலையில் பார்த்தால் முகம் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருக்கிறது. இன்னொரு அதிசயமும் உண்டு. என் கணக்குப்படி தீர்ந்திருக்க வேண்டிய டப்பா பாதிதான் குறைந்திருக்கிறது. மேலே இருப்பவன் கை வைத்தால் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

பரிசோதனை நாளும் வந்தது. டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த டிரைவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குறட்டை விட, இவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைக் கடைசி வரிக்கும் கீழே அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்தாராம். டாக்டர் ஓட்டத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். டயர் கிடங்கில் டயர்கள் தம்மைத் தாமே எண்ணிக்கொள்ளட்டும். இப்போது பஸ்ஸில் கொட்டாவி கிடையாது. முன்பெல்லாம் இந்த வண்டியில் நல்ல தூக்கம் வரும் என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டதாக விசில் வந்து சொன்னான். அவருக்கும் ஒரு டப்பா சிபாரிசு செய்திருக்கிறேன்.

சாக்பீஸ் என்றீர்களே அண்ணா. எழுதிவிட்டது, பார்த்தீர்களா.

அண்ணியின் முழங்காலுக்கு என் பிரார்த்தனை, சித்தியின் காலுக்கு என் வணக்கம், உங்கள் மருமகனின் அத்தனை பல்லுக்கும் என் மன்னிப்பு. உங்கள் கடை கதவு ஓயாமல் திறக்கட்டும், ஆனால் ஊரில் நோய் பெருகாமல் திறக்கட்டும்; அதை எப்படிச் செய்வதென்று ஆண்டவனுக்குத் தெரியும்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: இதை மட்டும் உரக்கப் படிக்க வேண்டாம். தபாலில் போடக் கொடுத்த கடிதத்தை உங்கள் மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டார். பூனை கட்டத்தில் சிரித்தார், டப்பா கட்டத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சோபாக்கடைக்கு ஓடின நாளோட நான் ஒரு மாத்திரையும் முழுங்கல. தண்ணிய மட்டும் குடிச்சிட்டு, நீ டம்ளர் கழுவப் போனதும் மாத்திரைய டப்பாவிலேயே போட்டுடுவேன்" என்றார். பின்னே எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டேன். "எனக்கு எப்பவுமே தூக்கம் வரும். கண்ணு சொருகற நேரமாப் பாத்து நீ 'ஏங்க, தூங்கிட்டீங்களா'ன்னு கேப்ப. முழிச்சுக்குவேன். இப்ப நீ படுத்ததும் தூங்கிடற. கேக்க ஆளில்ல" என்றார். இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "அவ்வளவு அக்கறையா கேக்கறவகிட்ட எப்படிச் சொல்றது" என்று கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டார். அண்ணா, மாத்திரை வேலை செய்தது உண்மை, ஆள்தான் மாறிவிட்டது. ஆக வெற்றி வெற்றிதான், மேலே எழுதியதில் ஒரு வரியும் அடிக்கவில்லை. ஆனால் இனி நான் விழித்துக்கொண்டால் அவர் வண்டி போய்விடும், நான் தொடர்ந்து சாப்பிட்டாக வேண்டும். எனக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை இருப்பது உங்களுக்குத் தெரியும். அதோடு இவை இரண்டும் ஒத்துப்போகுமா, டாக்டரைக் கேட்க வேண்டுமா? சிரிக்காமல் சீக்கிரம் பதில் போடுங்கள்.